ஈயத்தின் சோம்பல்

‘பேரி’ என்று முடிகிற ஊர்கள் திருநெல்வேலிச் சீமையில் நிறைய உண்டு. பெரிய ஏரி என்பதே சுருங்கிப் பேரி ஆயிற்று. சீவல்லபன் என்ற பாண்டியன் பேரில் அமைந்த ஏரி, அதனால் சீவலப்பேரி என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். குற்றாலத்து மலையில் பிறந்து வருகிற சிற்றாறு தாமிரபரணியோடு கலப்பது இந்த ஊரில்தான். இரண்டு ஆறு ஓடுகிற இடத்தில் ஏரி எதற்கு என்று கேட்டால் வயல்காரர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்: ஓடுகிற தண்ணீர் ஓடிப்போகும். கார் போகத்துக்கும் பிசானத்துக்கும் வேண்டியதைத் தேக்கி வைத்தால்தான் உண்டு. தேக்கியதும் தேக்கியபடி இருந்துவிடாது. மடையில் கசியும், கரையில் ஊறும், வெயில் தன் பங்குக்குக் குடிக்கும். ஏரியைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. என் மோட்டார் சைக்கிள் பேட்டரி விஷயத்தில் எனக்கு அது தெரியவில்லை.

தைப்பொங்கல் முடிந்த கையோடு, அத்தை வீட்டுத் தார்சாவை ஒட்டிய தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினேன். பழைய வேட்டி ஒன்றை மேலே போர்த்திவிட்டு, சாவியை அத்தையிடம் கொடுத்துச் சென்னைக்கு ரயிலேறினேன். சித்திரைக் கடைசியில் திரும்பியபோது 105 நாள் ஆகியிருந்தது. வேட்டியை உருவித் தூசி தட்டிச் சாவியைத் திருப்பினேன். மீட்டரில் வெளிச்சம் மங்கலாக வந்தது. செல்ஃப் பட்டனை அமுக்கினேன். சீட்டுக்கு அடியில் ‘டிக்’ என்றது. இன்னொரு தடவை அமுக்கினால் ‘டிக் டிக் டிக் டிக்’ என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மீட்டர் வெளிச்சமும் போய்விட்டது.

“ஒரு பிள்ளையத் தொடவிடலையே மருமவனே. நீ வச்ச எடத்துல வச்சது வச்சபடில்லா கெடக்கு!” என்றாள் அத்தை. அவள் குரலில் குற்றம் சாட்டப்பட்டவளின் பதற்றம் இருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் சீட்டைக் கழற்றி மல்டிமீட்டர் முள் இரண்டையும் டெர்மினலில் வைத்தார். 11.3 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.7 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே வந்துவிட்டால் வெறும் டப்பா.

“வண்டி நின்னா பேட்டரியும் நின்னுரும்னு நெனச்சிட்டீயளாக்கும் அண்ணாச்சி? உள்ள அது பாட்டுக்கு நடந்துக்கிட்டேல்லா இருக்கும்” என்றார் அவர்.

மின்வேதியியல் நூல்கள் பல பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். என்ன நடக்கிறது, யார் நடக்கிறார்கள் என்பதை இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பல்லிச் சத்தம். செல்ஃப் மோட்டாருக்குப் போகிற பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுவது ரிலே என்ற சிறிய காந்தச் சுவிட்சு. அதை இழுத்துப் பிடிக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும், செத்துக்கொண்டிருக்கிற பேட்டரிகூட அதைக் கொடுத்துவிடும். ரிலே இழுத்ததும் மோட்டார் முப்பது, நாற்பது ஆம்பியர் கேட்கும். அந்தச் சுமையில் பேட்டரியின் வோல்ட் தடாலென்று சரிய, ரிலேயைப் பிடித்திருக்கவும் தெம்பில்லாமல் அது விட்டுவிடும். விட்டவுடன் சுமை இறங்கும், வோல்ட் ஏறும், ரிலே மறுபடி இழுக்கும். இப்படி ஒரு நொடிக்குள் பல தடவை. ‘டிக் டிக்’ என்று கேட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள்.

பேட்டரிக்குள் இருப்பது மூன்றே பொருள். ஒரு தகட்டில் சாம்பல் நிறப் பஞ்சு போன்ற ஈயம். மறு தகட்டில் காப்பிப்பொடி நிறத்தில் ஈய டைஆக்சைடு. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் கலந்த கந்தக அமிலம், நம் வழக்கில் ஆசிட். மின்சாரம் எடுக்க எடுக்க, இரண்டு தகடுகளும் ஆசிட்டிலிருந்து சல்பேட்டை வாங்கிக்கொண்டு, இரண்டுமே வெள்ளை ஈய சல்பேட்டாக மாறும். ஆசிட் நீர்த்துப் போகும். சார்ஜ் ஏற்றினால் சல்பேட் திரும்ப ஆசிட்டுக்குள் போய்விடும், தகடுகள் பழையபடி ஆகிவிடும். வேறு வேறாக இருந்த இரண்டு தகடுகளும் கடைசியில் ஒரே பொருளாகிவிடுகின்றன என்பதை 1882-ல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இருவர் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு 23 வருஷம் முன்னாலேயே, 1859-ல், பாரிசில் காஸ்டன் பிளாந்தே என்ற 25 வயது இளைஞர் இரண்டு ஈயத் தகடுகளைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி ஆசிட்டில் முக்கி, உலகின் முதல் திரும்பச் சார்ஜ் ஏறும் பேட்டரியைச் செய்துவிட்டார். 1881-ல் கமீய் ஃபோர் ஈயப் பசையைத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இன்று சீவலப்பேரி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற வண்டிகளின் சீட்டுக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பேட்டரிதான்.

ஒரு செல்லுக்கு சுமார் 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12 சொச்சம். இந்த 2.1 எங்கிருந்து வருகிறது என்பதில் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. ஈயம் மிகக் கனமான அணு. அதன் கருவைச் சுற்றியிருக்கும் உள் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கது. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகள் தலைகாட்டும். உப்சாலா பல்கலைக்கழகத்தின் ராஜீவ் அகுஜா, ஹெல்சிங்கியின் பெக்கா பியூக்கோ முதலானோர் 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு செல்லின் 2.1 வோல்ட்டில் ஏறக்குறைய 1.7 வோல்ட் சார்பியல் கொடுத்த கொடை. ஈயத்தின் குடும்பத்தில் அதைவிட இலேசான தம்பி வெள்ளீயம். அதை வைத்து இப்படி ஒரு பேட்டரி ஏன் செய்ய முடியவில்லை என்ற பழைய கேள்விக்கும் அந்தக் கணக்கில் பதில் கிடைத்தது. சாவியைத் திருப்புகிற ஒவ்வொரு காலையும் நாம் ஐன்ஸ்டைனைக் கொஞ்சம் செலவழிக்கிறோம். எனக்கு இதை நினைக்க இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் 2.1 வோல்ட் என்பதே ஒரு சிக்கல். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்க 1.23 வோல்ட் போதும். ஆசிட்டில் பெரும்பகுதி தண்ணீர். 2.1 வோல்ட்டைத் தாங்கி நிற்கிற தகடுகள் அந்தத் தண்ணீரில் நிற்கின்றன. நியாயப்படி, செய்து முடித்த நிமிஷத்திலிருந்தே பேட்டரி நுரைத்துப் பொங்கி, தன்னைத் தானே தின்று தீர்த்திருக்க வேண்டும். ஏன் அப்படி நடப்பதில்லை?

ஈயம் சோம்பேறி. அதுதான் காரணம். ஹைட்ரஜன் குமிழி உருவாக வேண்டுமானால் உலோகத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் வந்து உட்கார்ந்து ஜோடி சேர வேண்டும். பிளாட்டினத்தின்மேல் அவை சட்டென்று உட்கார்ந்துவிடும். ஈயத்தில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். வேதியியலார் இதை மிகை மின்னழுத்தம் என்பார்கள். வாசல் திறந்திருக்கிறது, ஆனால் படி உயரம். அந்தப் படியின் உயரம்தான் பேட்டரியின் உயிர். முழுச் சார்ஜில் நிற்கிற பேட்டரி அசையாமல் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது படியேற முடியாமல் மிக மெதுவாக முக்கிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன நடை இதுதான்.

படியை யார் இறக்கிவிட்டாலும் நடை வேகமாகும். பழைய பேட்டரிகளில் இதைச் செய்தது ஆண்டிமனி. சுத்த ஈயம் நகத்தால் கீறினால் கீறல் விழுகிற அளவுக்கு மென்மை. தகட்டுச் சட்டம் வளையாமல் நிற்க அதில் ஆண்டிமனி கலந்தார்கள். சட்டம் உறுதியானது. ஆனால் வருஷம் போகப் போக ஆண்டிமனி நேர்மின் தகட்டிலிருந்து கரைந்து, ஆசிட் வழியே எதிர்மின் தகட்டுக்குப் போய்ப் படிந்து, ஹைட்ரஜனுக்கு வசதியான திண்ணை போட்டுக் கொடுத்துவிடும். அந்தக் காலத்து புல்லட்காரர்கள் மாதம் தவறாமல் டிஸ்டில் வாட்டர் ஊற்றியதும், வண்டியை இரண்டு மாதம் நிறுத்தினால் பேட்டரி படுத்துக்கொண்டதும் இதனால்தான். 1935-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், டெலிபோன் நிலையங்களின் பேட்டரிகளுக்காக, ஆண்டிமனிக்குப் பதில் துளியூண்டு கால்சியம் சேர்த்துப் பார்த்தார்கள். சட்டமும் நின்றது, ஈயத்தின் சோம்பலும் கலையவில்லை. இன்று கடையில் எம்.எஃப். என்று சொல்லித் தருகிற மூடிய பேட்டரிகள் கால்சியம் பக்கத்து வாரிசுகள்.

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனாலும் பேட்டரிக்கு அது ஆகாது. ஆற்றுத் தண்ணீரிலும் போர்த் தண்ணீரிலும் கரைந்திருக்கிற இரும்பு ஆசிட்டுக்குள் போனால், ஒரு தகட்டில் எலக்ட்ரானை வாங்கி மறு தகட்டில் இறக்கிவிட்டு, மறுபடி வந்து வாங்கிக்கொண்டு போகும். மினி பஸ் மாதிரி இரண்டு பக்கமும் சவாரி. ஒரு மில்லி ஆம்பியர்கூட வெளியே வராமல் பேட்டரி உள்ளுக்குள்ளேயே தீர்ந்துவிடும். மூடி திறக்கிற பேட்டரி வைத்திருப்பவர்கள் டிஸ்டில் வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்பது இதனால்.

இனி என் 105 நாளைக் கணக்குப் பார்ப்போம். என் வண்டி 125 சிசி, எஃப்.ஐ. (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) வகை, கிக்கர் கிடையாது. பேட்டரி 4 ஆம்பியர் அவர். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 புகை விதி வந்தபிறகு நம் புது வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ.க்கு மாறின. அதற்குள் இருக்கிற கம்ப்யூட்டர் டப்பாவும் மீட்டரிலுள்ள கடிகாரமும் சாவியை எடுத்த பிறகும் முழுசாகத் தூங்குவதில்லை. நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரைக் கோத்துப் பார்த்தேன். 1.2 மில்லி ஆம்பியர். கொசு கடிக்கிற அளவு. ஆனால் 105 நாள், நாளுக்கு 24 மணி நேரம் என்று பெருக்கினால் 3 ஆம்பியர் அவர் வருகிறது. நாலில் மூன்று.

மிச்சம் ஒன்றைக் குடித்தது வெயில். கால்சியம் பேட்டரி 20 டிகிரியில் மாதத்துக்கு சுமார் 3, 4 சதவீதம் தானாக இழக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாசி முதல் சித்திரை வரை தகரக் கொட்டகைக்குள் பகலும் இரவும் சேர்த்துச் சராசரி 33 டிகிரி என்று வைத்தால்கூட மாதத்துக்கு 8 சதவீதம். மூன்றரை மாதத்தில் 1 ஆம்பியர் அவருக்குக் கொஞ்சம் மேலே. கூட்டிப் பாருங்கள், நாலும் தீர்ந்துவிட்டது. வேட்டி போர்த்தியதால் தூசிதான் படியவில்லை.

டொரண்டோவில் இருக்கிற என் சிநேகிதர் ஒருவர் கார்த்திகையில் வண்டியை மூடி வைத்தால் பங்குனியில்தான் எடுப்பார். பனிக்காலம் முழுக்க வண்டி கராஜில் மைனஸ் 10 டிகிரியில் கிடக்கும். என் கதையைக் கேட்டு அவர் பரிதாபப்பட்டார், நான் அவருடைய குளிரைக் கேட்டுப் பொறாமைப்பட்டேன். அந்தக் குளிரில் தானாக இழக்கிற அளவு 20 டிகிரியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு. அவர் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். சார்ஜ் இல்லாத பேட்டரியில் ஆசிட் ஏறக்குறையத் தண்ணீராகிவிடுவதால், பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனதுமே உறைந்து, வீங்கி, டப்பாவைப் பிளந்துவிடும். முழுச் சார்ஜில் இருக்கிற ஆசிட்டோ மைனஸ் 50-லும் உறையாது. ஆகவே குளிர்நாட்டுக்காரர்கள் சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டால் குளிரே காவல் காக்கும். நமக்கு அந்தக் காவல் இல்லை. பாளையங்கோட்டை வெயில் மே மாதத்தில் 40-ஐத் தொடும். மார்கழி இரவிலும் 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். நம் வண்டிகளின் பனிக்காலம் பஞ்சாங்கத்தில் இருக்காது. சொந்தக்காரர் துபாய்க்கோ மும்பைக்கோ சென்னைக்கோ போகிற அன்று அது தொடங்குகிறது, பெரும்பாலும் நல்ல வெயிலில். வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு பேட்டரியைக் கதகதப்பான இடத்தில் வைக்கிற நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே செய்ய வேண்டியது நேர் எதிர்.

சார்ஜ் தீர்ந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கெடுதல் அதற்கு அப்புறம் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டு விளைகிற இடத்துக்குப் போக வேண்டும்.

பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, நூல் தொங்கவிட்ட பானையில் ஊற்றி மூடி, ஒரு மாதத்துக்கு மேல் அசைக்காமல் விட்டுவிடுவார்கள். திறந்து பார்த்தால் நூலைச் சுற்றிக் கட்டி கட்டியாகக் கற்கண்டு. கிண்டினால் பொடிச் சீனிதான் கிடைக்கும். அசைக்காமல் விட்டதால் மணி பெருத்தது. பெருப்பதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 1909-ல் நோபல் பரிசு பெற்ற வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் பேரில் அது வழங்குகிறது. சிறிய மணிகள் பெரிய மணிகளைவிடச் சுலபமாகக் கரையும், ஏனென்றால் அவற்றின் அணுக்களில் அதிகப் பங்கு வெளி விளிம்பில், பிடிமானமில்லாமல் இருக்கின்றன. கரைந்தது மெல்லப் போய்ப் பெரிய மணியின்மேல் படியும். சிறியது அழியும், பெரியது கொழுக்கும்.

தீர்ந்துபோன பேட்டரியின் தகட்டில் நடப்பதும் இதே கற்கண்டு வேலை. ஓட்டத்தில் இருக்கும் வண்டியில் உண்டாகும் ஈய சல்பேட் மாவு போலப் பொடி. உடனே சார்ஜ் ஏறினால் கரைந்துவிடும். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் பொடி கரைந்து, பக்கத்திலுள்ள மணியின்மேல் படிந்து, கெட்டிப் படிகமாகும். ஈய சல்பேட் ஆசிட்டில் கரைவது மிகக் கொஞ்சம். ஆனால் ஆசிட் நீர்த்துப் போனால் அந்தக் கொஞ்சம் கூடும். சூடானாலும் கூடும். தகரக் கொட்டகையில் மதியம் கொதிக்கும்போது கரைவதும், விடியற்காலையில் ஆற்றுக்காற்று வரும்போது படிவதுமாக, 105 நாளும் என் பேட்டரிக்குள் கற்கண்டு விளைந்துகொண்டிருந்தது. பெரிய படிகத்துக்கு மேற்பரப்பு குறைவு, மின்சாரத்தையும் கடத்தாது. கடைக்காரர்கள் இந்த நிலையைத்தான் ‘சல்பேட் பிடிச்சிருச்சு’ என்கிறார்கள்.

அதை மெக்கானிக் அண்ணாச்சியின் கடையில் கண்ணால் பார்த்தேன். பெஞ்சில் ஒரு பழைய சார்ஜர், ஆம்பியர் காட்டும் முள்ளோடு. கிளிப்பை மாட்டினார். பேட்டரியின் வோல்ட் 11.3-லிருந்து ஒரே தாவலாக 15-ஐத் தாண்டியது. முழுசாக ஏறிவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் ஆம்பியர் முள்ளைக் காட்டினார். அது பூஜ்யத்தைவிட்டு மயிரிழைகூட நகரவில்லை. உள்ளே எதுவும் போகவில்லை. கதவு அடைத்திருக்கிற வீட்டின் வாசலில் தண்ணீர் மட்டம் ஏறுவதுபோல, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் வோல்ட் மட்டும் ஏறி நிற்கிறது. “இத வெரட்டினா வேலைக்காவாது, கெஞ்சித்தான் ஏத்தணும்” என்றார். மிகக் குறைந்த மின்சாரத்தில் அப்படியே விட்டுவைத்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது முள் ஒரு நூல் அகலம் நகர்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பேட்டரி 12.4 வரை வந்தது. வண்டி ஓடியது. ஆடி பிறப்பதற்குள் அதே பேட்டரி வேலையை முடித்துக்கொண்டது. கெட்டிப்பட்ட படிகத்தில் ஒரு பங்கு கடைசிவரை கரையவே இல்லை.

பேட்டரி, துரு, மின்முலாம் போன்றவற்றுக்கென்றே நம் பக்கத்தில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம் உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. தைப்பொங்கலையொட்டித் திறந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடங்களில் அது முதல் வரிசையில் இருக்க வேண்டும்.

வாரம் ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். இதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். செல்ஃப் மோட்டார் இரண்டு நொடிக்கு 40 ஆம்பியர் குடித்தால் அது 80 கூலோம். ஒரு ஆம்பியர் வீதம் ஒன்றரை நிமிஷத்தில் திருப்பிவிடலாம். ஆக ஸ்டார்ட் பண்ணியதில் நஷ்டம் பெரிசில்லை. ஆனால் நின்று நின்று தீர்ந்த 2 ஆம்பியர் அவரைத் திரும்ப ஏற்ற அதே வீதத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டும் தானாக எரிந்துகொண்டே இருக்கும். ஐடிலில் ஓடுகிற எஞ்சின் கொடுப்பதில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஐந்து நிமிஷ ஓட்டத்தில் சைலன்சருக்குள் ஈரம் சேர்வதுதான் மிச்சம். பாளையங்கோட்டை வரை ஒரு நடை போய்வர ஆள் இருந்தால் ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடாமல் விடுவதே மேல்.

புதுப் பேட்டரி வாங்கியபிறகு நான் செய்வது இது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு முழுச் சார்ஜ் ஏற்றிவிடுகிறேன். 4 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர், பத்து மணி நேரம். பத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கை மாற்ற எனக்கு அவசியம் வரவில்லை. இரவில் ஏற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. சூடு ஏற ஏற பேட்டரிக்கு வேண்டிய சார்ஜ் வோல்ட் குறையும், 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.02 வோல்ட். 20 டிகிரிக்கென்று 14.4-ல் அமைத்த சார்ஜர் 40 டிகிரி மதியத்தில் 0.4 வோல்ட் அதிகமாகத் திணிக்கும். மூடிய பேட்டரியில் அப்படிப் போகிற தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. மாதக்கணக்கில் பேட்டரியோடு மாட்டியே வைத்திருக்கும் சிறிய சார்ஜர்கள் குளிர்நாடுகளில் பிரபலம். நம் கொட்டகை வெயிலில், மாதத்துக்கு ஒரே ஒரு இரவு மாட்டிக் கழற்றிவிடுவதே பேட்டரிக்கு நல்லது என்பது என் முடிவு.

காலையில் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் சேசிஸில் பட்டால் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் வெளியேறலாம், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் பீடியும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். டெர்மினல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரை ஊற்றுங்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் நுரைக்கும், நுரை நின்றதும் துடைத்து வாசலின் தடவினால் சுத்தம்.

கழற்றிய பேட்டரியை எங்கே வைப்பது? சிமெண்டுத் தரையில் வைத்தால் தரை சார்ஜை இழுத்துவிடும் என்று இன்னும் பலர் பலகை போடுகிறார்கள். மரப்பெட்டியில் பேட்டரி வந்த காலத்தில், கசிந்த ஆசிட்டும் ஈரமும் சேர்ந்து அப்படி நடந்திருக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் டப்பாவைத் தரையால் ஒன்றும் செய்ய முடியாது. அத்தை வீட்டில் கிழக்குப் பார்த்த உள் அறையின் சிமெண்டுத் தரை, வீட்டிலேயே குளுமையான இடம். பேட்டரி அங்கேதான், கைக்குழந்தைகள் போகாத மூலையில்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெளியே நிற்கிற வண்டிகளுக்கு வேறொரு கதை உண்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரைமீறி வந்தபோது, முழங்காலளவு சேற்றுத் தண்ணீரில் நின்ற வண்டிகளைச் சுத்தம் செய்ய நானும் கூடமாட நின்றேன். எஞ்சினைத்தான் எல்லோரும் பயந்து பார்த்தார்கள். ஒரு வண்டியின் சீட்டைத் தூக்கியபோது பாசிட்டிவ் டெர்மினல் இருந்த இடத்தில் மயில்துத்த நிறத்தில் ஒரு களிம்பு. வயரை இழுத்தால் கையோடு வந்துவிட்டது. தண்ணீருக்குள் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே மின்சாரம் ஓடியிருக்கிறது, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து போயிருக்கிறது. மின்முலாம் பூசுகிற கடையில் வேண்டுமென்று செய்வதை வெள்ளம் தானாகச் செய்திருந்தது. நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்திருந்த வண்டிகளில் இந்தச் சேதம் மிகக் குறைவு.

செத்த பேட்டரியை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு, கழித்துக்கொள்வார்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வீட்டுக் கொல்லையில் உடைத்து ஈயத்தை உருக்குகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்தப் புகையும் ஆசிட்டும் போய்ச் சேர்கிற இடம் குழந்தைகளின் இரத்தமும் வாய்க்கால் தண்ணீரும். அந்த வாய்க்கால் தாமிரபரணியில்தான் விழும்.

அடுத்த தடவை ஊரைவிட்டுக் கிளம்பும்போது அத்தைக்குச் சார்ஜரை மாட்டக் காட்டிக்கொடுத்தேன். சிவப்புக் கிளிப் எங்கே, கறுப்பு எங்கே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். “ஒண்ணாந்தேதி ராத்திரி போட்டு, பச்ச லைட்டு வந்ததும் காலைல கழத்திரணும். அம்புட்டுத்தானே?” அம்புட்டுத்தான். வோல்ட் என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். “எனக்கு எதுக்கு மருமவனே அதெல்லாம்” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்து மாதம் கழித்து வந்தபோது உள் அறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் புரட்டினேன். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சுழி. புரட்டாசி தொடங்கிய மாதத்தில் மட்டும் சுழி மூன்றாம் தேதியில் இருந்தது. “அன்னைக்கு ரெண்டு நாளாக் கரண்டு இல்ல” என்றாள் அத்தை, நான் கேட்பதற்கு முன்பே. பேட்டரியைத் தரையிலிருந்து எடுத்தேன். அடிப்பக்கம் சில்லென்று இருந்தது. முள்ளை வைத்தேன். 12.71.